கப்பலின் பேரைக் கேட்காதே

சமயநல்லூர்
22.8.1971

மரியே வாழ்க.

தங்கச்சி பாக்கியத்துக்கு,

உன் கடிதமும் ஞானமுத்துவின் படமும் நேற்று வந்து சேர்ந்தன. தபால்காரர் சோணை உறையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். "பிரிங்கம்மா, அட்டையாட்டம் கனமா இருக்கு. தம்பி போட்டோதான்" என்றார். பிரித்தேன். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி. ஒரு நொடி என் மகன் தனிஸ்லாஸ் என்றே நினைத்துவிட்டேன். பிறகுதான் ஞானத்தின் மூக்கு தெரிந்தது. அது நம் நாட்டு உடுப்பு இல்லை என்பதும் தெரிந்தது.

"ரெண்டு தம்பியும் கப்பப் படையா? நல்லதாப் போச்சு, ஒருத்தருக்கொருத்தர் தொணை" என்றார் சோணை.

"வேற வேற சர்க்காருண்ணே" என்றேன். அவருக்கு அதன் கனம் தெரியவில்லை. எனக்கும் அப்போது முழுசாகத் தெரியவில்லை.

உன்னிடம் சண்டை போடக் கூடாது என்று ஜெபமாலை சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் கேட்கிறேன். உன் வீட்டுக்காரர் செத்து, நீ சிஸ்டர்மார்களோடு நர்ஸ் படிப்புக்குப் போனபோது ஞானத்துக்கு மூன்று வயது. பதினேழு வயது வரை இந்த வீட்டில்தான் இருந்தான். தனிஸும் அவனும் ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டைக்குச் சண்டை போட்டு வளர்ந்தார்கள். அமெரிக்காவுக்குக் கூப்பிட்டுக்கொள்கிறேன், படிக்க வைக்கிறேன் என்றாய். ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பினேன். படிக்க வைக்கிறேன் என்றவள் படைக்கு அனுப்பியிருக்கிறாயே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

தனிஸ் மாதா திருநாளுக்கு விடுப்பில் வந்தவன் இன்னும் இருக்கிறான். படத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். "தொப்பி எங்களதைவிட நல்லாத்தான் இருக்கு. எதுக்கும்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்கிறான். உன் அத்தான்தான் சிரிக்கவில்லை. ரஷ்யாவோடு நாம் ஒப்பந்தம் போட்டதைப் பேப்பரில் காட்டி, "அமெரிக்காக்காரன் இத்தன வருசமா ஒலகத்துக்கே பெரிய நாட்டாமையா இருந்தவன். நாம தலையெடுத்தா அவனுக்குக் கண்ண உறுத்தத்தான் செய்யும்" என்றார்.

"அவன் கடல் எங்கப்பா இருக்கு, நம்ம கடல் எங்க இருக்கு?" என்றான் தனிஸ்.

ஒரு நல்ல செய்தி. தனிஸ் கப்பலில் சிக்னல் வேலை பார்க்கிறான் அல்லவா, அவனை நீர்மூழ்கிக் கப்பல் பயிற்சிக்கு ரஷ்யா அனுப்பத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் போக வேண்டும். பையனுக்குத் தரையில் கால் பாவவில்லை. அவனுக்காக வேண்டிக்கொள்.

அக்கா
அற்புதமேரி


ஓக்லண்ட்
10.9.1971

அக்கா,

உன் கடிதத்தை டியூட்டி முடிந்து பஸ்ஸில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரம்மா கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவு அழுதிருக்கிறேன்.

நான் அனுப்பவில்லை அக்கா. இங்கே பிள்ளைகளைக் குலுக்கல் போட்டு எடுக்கிறார்கள். வருடத்தின் நாட்களை எல்லாம் சீட்டில் எழுதிக் கண்ணாடி ஜாடியில் போட்டுச் சுழற்றி எடுக்கிறார்கள். எந்தத் தேதி முதலில் வருகிறதோ, அந்தத் தேதியில் பிறந்தவன் முதலில் பட்டாளத்துக்குப் போக வேண்டும். ஞானம் பிறந்த தேதி முன்னாலேயே வந்துவிட்டது. இந்த நாட்டுக் குடிமகன் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். குடியிருக்கிறவனும் போகத்தான் வேண்டும் என்று சட்டமாம்.

தரைப்படைக்கு எடுத்தால் நேராக வியட்நாம் காடு. அங்கிருந்து கால் இல்லாமல் வருகிற பிள்ளைகளை என் வார்டில் நான்தான் துடைத்துவிடுகிறேன். ஒவ்வொருத்தனும் ஞானத்தின் வயசு. அவர்கள் கூப்பிடுகிறதற்கு முன்னால் நாமாகவே கடற்படையில் சேர்ந்துவிட்டால் கப்பலோடு போய்விடும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவனாகப் போய்ச் சேர்ந்தான். உன்னைக் கேட்டு எழுதி, நீ பதில் எழுதி, அது வருகிற வரைக்கும் குலுக்கல் நிற்காது அக்கா.

விமானங்கள் இறங்குகிற பெரிய கப்பல். குடிமகன் இல்லாதவனுக்குச் சமையல்கட்டும் சலவையும்தான் வேலை. "பெரியம்மாட்ட சொல்லுங்கம்மா, அவங்க வீட்டுல ஒத்த வெங்காயம் உரிக்காதவன் இங்க மூட்டை மூட்டையா உரிக்கிறேன்னு" என்று எழுதச் சொன்னான். தனிஸ் ரஷ்யாவுக்குப் போவதைச் சொன்னேன். "அண்ணன் தண்ணிக்கு அடியில போகப் போறானா, நான் தண்ணிக்கு மேல இருக்கேன்" என்று குதித்தான்.

கோபம் தீர்ந்தால் எழுது.

பாக்கியம்


சமயநல்லூர்
12.11.1971

மரியே வாழ்க.

பாக்கியத்துக்கு,

கோபம் தீர்ந்தது. பயம்தான் தீரவில்லை.

தனிஸிடமிருந்து வருகிற கடிதத்தில் இப்போது ஊர்ப் பேர் இல்லை. "நலமாக இருக்கிறேன், சாப்பாடு நன்றாக இருக்கிறது" என்று இரண்டு வரி. விசாகப்பட்டினத்தில் இருக்கிறானா, கடலில் இருக்கிறானா தெரியாது. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு ஆட்கள் கொடுக்கிற பலகாரம் தின்ன வருவான் என்று இருந்தேன், விடுப்பு எல்லாருக்கும் ரத்து. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வருகிறார்கள், சண்டை நிச்சயம் என்று அத்தான் சொல்கிறார். அமெரிக்கா பாகிஸ்தானுக்கு ஆயுதம் கொடுக்கிறது என்று பேப்பரில் தினம் வருகிறது.

தெருக் குழாயடியில் முத்துத்தாய் வாயை மூடுவதில்லை. "அற்புதமேரிக்கு என்னப்பா, எந்தக் கப்பல் ஜெயிச்சாலும் அவளுக்குக் கொண்டாட்டம். ரெண்டு ராசாவும் அவ வீட்டுக்குத்தான் சம்பளம் அனுப்புறாக" என்று நேற்று எல்லாப் பெண்கள் நடுவிலும் சொன்னாள். சிரிக்கத்தான் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அத்தான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் மத்தியானம் பிள்ளைகளுக்குப் போடுகிற கோதுமைச் சோறு அமெரிக்கா கொடுத்த கோதுமை. எண்ணெய் டின்னில் இரண்டு கை குலுக்குகிற படம் போட்டிருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வாத்தியார் அந்தப் படத்தைக் காட்டி, "ஒரு கையில கோதுமையும் இன்னொரு கையில துப்பாக்கியுமா குடுக்குறான்" என்றாராம். அத்தான் எழுந்து வந்துவிட்டாராம். ஞானம் அந்தச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவன்.

நான் படித்தவள் இல்லை. நானாக எழுத்துக் கூட்டி, பேப்பர் படித்துத் தெரிந்துகொண்டதுதான். பெரியவன் தன் இடத்தை விடமாட்டான், வளர்கிறவன் நிற்க மாட்டான், அது மட்டும் விளங்குகிறது. அந்த இரண்டு பேர் நடுவில் நம் பிள்ளைகள் ஏன் நிற்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

பூசைக்கு முன்னால் இரண்டு பேர் பேரையும் எழுதிக் கொடுக்கிறேன். பங்குச்சாமி வாசிக்கிறார்.

அக்கா


ஓக்லண்ட்
27.11.1971

அக்கா,

பயப்படாதே. ஞானம் வியட்நாம் பக்கத்துக் கடலில்தான் இருக்கிறான். நம் கடலுக்கும் அதற்கும் எவ்வளவோ தூரம். போன வாரம் எழுதியிருந்தான், கப்பலில் வான்கோழி சமைத்தார்களாம். "உப்பும் இல்ல ஒறப்பும் இல்ல, பெரியம்மா பாத்தா துப்பிருவாங்க" என்று எழுதியிருக்கிறான்.

இங்கே ஆஸ்பத்திரியில் இந்தியா என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் பெரிய டாக்டர், "உங்க நாடு ரஷ்யாக்காரனோட சேந்துக்கிச்சாமே, எதுக்கு?" என்று என்னைக் கேட்கிறார். நான்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரி. உடனே என்னையே ஊசி மருந்து எடுத்துத் தரவும் சொல்கிறார். கேள்வியும் வேலையும் ஒரே மூச்சில்.

ஞானம் ஒரு காரியம் கேட்கச் சொன்னான். தனிஸ் இப்போது எந்தக் கப்பலில் இருக்கிறான், கப்பலின் பேர் என்ன? சிங்கப்பூர், பாங்காக் என்று துறைமுகத்துக்குப் போனால் அங்கே இந்தியக் கப்பல் நின்றால் விசாரிக்கலாமாம். அண்ணனைப் பார்த்து மூன்று வருடம் ஆகிவிட்டது என்று ஏங்குகிறான். பேரை எழுதி அனுப்பு. இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் அதையும் எழுது.

பாக்கியம்


சமயநல்லூர்
11.12.1971

பாக்கியம்,

உன் கடிதம் நேற்று வந்தது. யாரோ பிரித்துப் படித்துவிட்டு, பசை போட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். சோணை கையில் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சண்டை தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. உனக்கு அங்கே தெரிந்திருக்கும். மேற்குக் கடலில் நம் கப்பல் ஒன்று முழுகிவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். நானும் அத்தானும் தட்டில் சோறு போட்டபடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். தனிஸ் கிழக்குக் கடலில் இருக்கிறான் என்று நாங்களாக நினைத்துக்கொள்கிறோம். அவன் சொல்லவில்லை. அவனைப் பெற்ற எனக்கே அவன் கப்பல் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரியாது.

நீ கேட்கிறாய்! எந்தக் கப்பல், எங்கே நிற்கிறது என்று கேட்கிறாய்! யாருக்குச் சொல்ல? அமெரிக்கப் படையில் இருக்கிறவனுக்குச் சொல்ல. உன் கடிதத்தைப் பிரித்தவன் இதைப் படித்து என்ன நினைத்திருப்பான்? அத்தான் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒம் தங்கச்சிக்குக் கிறுக்கா, இல்ல யாரும் கேக்கச் சொல்லிக் கேக்குறாளா?" என்றார். நான் அவரைச் சத்தம் போட்டேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளும் ஒரு நிமிஷம் வந்துபோனது. வந்ததற்காக மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன், உன்னிடம் கேட்கவில்லை.

இனி இப்படிக் கேட்காதே.

15.12.1971

இந்தத் தாளைத் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். இப்போது செய்தியில் சொல்கிறார்கள். அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படை வங்காள விரிகுடாவுக்குள் வந்துவிட்டதாம். விமானங்கள் இறங்குகிற பெரிய கப்பலும் வருகிறதாம். டீக்கடையில் எல்லாரும் எழுந்து நின்று கேட்டார்கள் என்று அத்தான் சொன்னார்.

பாக்கியம், அந்தக் கப்பலில் ஞானம் இருக்கிறானா? எந்தக் கப்பல் அவனுடையது? உடனே எழுது. மறைக்காமல் எழுது.

அக்கா


ஓக்லண்ட்
29.12.1971

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் இன்று கிடைத்தது. நான் கப்பலின் பேரைக் கேட்டால் உளவு. அதே தாளின் அடிப்பாகத்தில் நீங்கள் கேட்டால் அது பாசம். நல்லது.

சண்டை முடிந்து நாட்கள் ஆகிவிட்டன. தனிஸ் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று எனக்கு ஒருவரும் எழுதவில்லை. தினமும் தபால் பெட்டியைத் திறந்து மூடுகிறேன்.

ஆமாம், ஞானம் அந்தக் கப்பலில்தான் இருந்தான். பேப்பரில் கப்பலின் பேரைப் பார்த்ததும் ஆஸ்பத்திரியில் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டேன். நடுக்கடலில் அந்தப் பக்கம் தனிஸ், இந்தப் பக்கம் ஞானம். யாராவது ஒருவன் ஒரு உத்தரவு கொடுத்தால் போதும். அன்றைக்கே தந்தி ஆபீசுக்கு ஓடி உங்களுக்குத் தந்தி கொடுத்தேன். "ஞானம் வங்கக் கடலில். தனிஸிடம் சொல்லவும்." அதற்கும் பதில் இல்லை.

எதற்காகச் சொல்லச் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே தெரியவில்லை. எதிரே தம்பி இருக்கிறான் என்று அண்ணனுக்குத் தெரிந்துவிட்டால் எதுவும் நடக்காது என்று ஒரு நினைப்பு. சின்ன வயதில் இருவரும் கல்லெறிந்து விளையாடும்போது, "டேய், தம்பி நிக்கிறான் பாரு" என்று நீங்கள் கத்துவீர்களே, தனிஸ் கையை இறக்கிவிடுவானே, அந்த மாதிரி.

பாக்கியமேரி


சமயநல்லூர்
20.1.1972

மரியே வாழ்க.

பாக்கியத்துக்கு,

தனிஸ் உயிரோடு இருக்கிறான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. முதலில் இதைப் படித்துவிட்டு மூச்சு விட்டுக்கொள்.

என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

உன் தந்தி வந்தது. ஆனால் சோணை கொண்டுவரவில்லை. சண்டை முடிந்த மூன்றாம் நாள் ஒரு ஜீப் வாசலில் வந்து நின்றது. இறங்கிய இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். தந்தியை மேசைமேல் வைத்தார்கள். "தனிஸிடம் சொல்லவும்னு இருக்கே, என்னத்தச் சொல்லணும்? எப்படிச் சொல்லுவீங்க? மகன் இருக்கிற எடம் ஒங்களுக்குத் தெரியுமா?" என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். நான் உண்மையைச் சொன்னேன். உண்மை எவ்வளவு சொத்தையாக இருந்தது தெரியுமா? என் தங்கச்சி பயந்துபோய் அனுப்பியது ஐயா, வேறொன்றும் இல்லை ஐயா. நவம்பரில் நீ கப்பல் பேரைக் கேட்ட கடிதத்தின் நகலும் அவர்களிடம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அப்படி வைத்துப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

ஞானத்தின் படத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஜீப் திரும்புகிறபோது தெரு முழுக்க வாசலில் நின்றது. முத்துத்தாய் மட்டும்தான் உள்ளே வந்தாள். "நான் கொழாயடில வெளையாட்டுக்குச் சொன்னதுதான் அக்கா. எவன்ட்டயும் எதுவும் சொல்லல, எம்புள்ள மேல சத்தியமா" என்று அழுதாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

இப்போது தனிஸ் காரியம் கேள். ரஷ்யாவுக்குப் போகிறவர்கள் பட்டியலில் அவன் பேரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். சிக்னல் அறையிலிருந்தும் மாற்றி, கரையில் சாமான் கிடங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்களாம். "அன்னிய நாட்டுப் படையில் இருக்கும் உறவினரோடும் அவர் குடும்பத்தாரோடும் எனக்கோ என் வீட்டாருக்கோ கடிதப் போக்குவரத்தும் தொடர்பும் இல்லை." அதைப் போட்டுக் கொடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டான். "சின்னம்மாவும் தம்பியும் இல்லைன்னு என்னால எழுத முடியாதும்மா, கெடங்குலயே கெடந்துட்டுப் போறேன்" என்று எழுதியிருக்கிறான்.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். ஞானத்தை அந்த வேலையை விட்டு வரச் சொல். அவன் உடுப்பைக் கழற்றிவிட்டால் தனிஸ் மறைக்க ஒன்றும் இல்லை. என் பிள்ளை எத்தனை வருடம் பாடுபட்டு அந்த இடத்துக்கு வந்தான் என்று உனக்குத் தெரியும்.

அக்கா


ஓக்லண்ட்
26.2.1972

அக்கா,

தனிஸ் இருக்கிறான் என்ற வரியைப் படித்துவிட்டுத் தரையில் முழந்தாளிட்டேன். நீங்கள் என்று எழுதிய கையை வெட்ட வேண்டும். மன்னித்துவிடு.

தந்தி இப்படித் திரும்பும் என்று என் மண்டையில் ஏறவில்லை அக்கா. என் பிள்ளையைக் காப்பாற்ற ஓடி உன் பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன்.

ஞானம் வந்துவிட்டான். பதினைந்து நாட்களாக வீட்டில் இருக்கிறான். இளைத்துப் போயிருக்கிறான். நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். வேலையை விடு என்று அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாய். பாதியில் விட்டால் ஓடிப்போனவன் என்று ஜெயில். இன்னும் மூன்று வருடம் இருக்க வேண்டும்.

அவனும் நிம்மதியாக இல்லை. தனிஸ் உடுப்புப் போட்ட படத்தைக் கப்பலில் தன் அலமாரிக் கதவுக்குள் ஒட்டிவைத்திருந்தானாம். கப்பல் நம் கடல் பக்கம் திரும்பியபோது கூட இருந்தவன் ஒருத்தன் பார்த்துவிட்டு, "யாருடா இது, எந்த நாட்டுக்காரன்?" என்று கேட்டிருக்கிறான். "எங்க அண்ணன்" என்று இவன் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு யாரும் இவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. "மேல்தட்டுல ஏறி நின்னு பாத்தேன்மா. எந்தப் பக்கம் நம்ம ஊருன்னுகூடத் தெரியல. சுத்திச் சுத்தித் தண்ணிதான். அண்ணன் வந்துறக் கூடாது, வந்துறக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே நின்னேன்" என்கிறான்.

இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. படையில் இருக்கிறவனுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை சீக்கிரம் கிடைக்கும். குடிமகன் ஆனால் அவனைக் கப்பலிலிருந்து எடுத்து, கரையில் உள்ள கடற்படை ஆஸ்பத்திரியில் உதவியாளனாகப் போடுவதாகச் சொல்கிறார்கள். நான்தான் அலைந்து பேசினேன். ஆகவில்லை என்றால் இந்த வருடமே அதே கப்பலில் திரும்ப வியட்நாம் பக்கம் போக வேண்டும். அங்கே சண்டை முற்றுகிறது.

குடிமகன் ஆவதற்குச் சத்தியம் செய்ய வேண்டும். கையைத் தூக்கி நின்று, பிறந்த நாட்டின்மேல் உள்ள பற்றை முழுசாக விட்டுவிட்டேன், தேவைப்பட்டால் இந்த நாட்டுக்காக ஆயுதம் எடுப்பேன், மனதில் எதையும் ஒளித்துவைக்காமல் இதைச் சொல்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

ஞானம் தாளை மடித்துக் கொடுத்துவிட்டான். "தேவைப்பட்டான்னா யாரு மேலம்மா? அண்ணன் மேலயா?" என்று கேட்டான். "பெரியம்மா செய்யின்னு சொன்னா செய்றேன். நீங்க சொன்னா மாட்டேன்" என்கிறான். பெற்றவளிடம் இதைச் சொல்கிறான் அக்கா. எனக்கு வலித்தது, ஆனால் தப்பென்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஏப்ரல் கடைசிக்குள் சொல்ல வேண்டும். அவன் உயிர் உன் வாயில் இருக்கிறது.

பாக்கியம்


சமயநல்லூர்
18.3.1972

மரியே வாழ்க.

என் பாக்கியத்துக்கு,

தனிஸ் விடுப்பில் வந்திருக்கிறான். நாளைக்குப் புறப்படுகிறான். அந்தத் தாள் அவன் பெட்டியிலேயே இருக்கிறது. வேலைக்குத் திரும்பும்போது கையெழுத்தோடு வர வேண்டும், இல்லாவிட்டால் ரஷ்யா கிடையாது, சிக்னலும் கிடையாது என்று கடைசியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

உன் கடிதத்தை இரண்டு பேருக்கும் வாசித்தேன். அத்தான் சுலபமாகச் சொல்லிவிட்டார். "ரெண்டும் வெறுங் காகிதம். இவன் இங்க போடட்டும், அவன் அங்க சொல்லட்டும். நீங்க அக்கா தங்கச்சி பாட்டுக்கு எழுதிக்கிட்டு இருங்க. முத்துத்தா வீட்டு விலாசத்துக்கு வரச் சொல்லு, எவனுக்குத் தெரியப் போகுது?"

எனக்கு அது சரியாகப் படவில்லை. பங்குச்சாமியிடம் போனேன். "உள்ளுக்குள்ள ஒண்ணு நெனச்சுக்கிட்டு, வாயால ஒண்ணு சத்தியம் பண்ணலாமா சாமி? பிள்ளை உசுருக்காகத்தான்" என்று கேட்டேன். சாமி, "கூடாதும்மா" என்றார். பிறகு வாசல் வரை வந்து, "கூடாதுன்னுதான் நான் சொல்ல முடியும். ஆனா போகாதன்னு அந்தப் பிள்ளைட்டச் சொல்ல எனக்குத் தைரியமில்ல" என்றார். அவரும் பாவம்.

திரும்பி வருகிற வழி முழுக்க யோசித்தேன். பெரிய நாடும் வேண்டும் என்கிறது, வளர்கிற நாடும் வேண்டும் என்கிறது. இரண்டும் கேட்பது ஒரே பொருளைத்தான். நம் பிள்ளைகள் ஒருத்தனை ஒருத்தன் விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒருத்தனுக்குப் பிழைப்பு போகிறது, ஒருத்தனுக்கு உயிரே போகலாம். சொன்னால் இரண்டு பேரும் பொய்ச் சத்தியம் செய்தவர்கள் ஆகிறார்கள். பொய்யன் என்று தெரிந்தால் ஜீப் மறுபடியும் வரும். தெரியாமலே போனாலும் கடவுளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து தனிஸிடம், கையெழுத்துப் போடு என்றேன்.

"தம்பி இல்லைன்னு எழுதித் தரச் சொல்றியா? நீயாம்மா சொல்ற?"

"தம்பி இல்லைன்னு எங்க இருக்கு அதுல? கடுதாசி இல்லைன்னுதான இருக்கு."

"கடுதாசிதான் மாசா மாசம் வருதேம்மா."

"வராது" என்றேன்.

அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

பாக்கியம், நான் சொன்னதன் அர்த்தம் உனக்கு விளங்கியிருக்கும். பிள்ளைகள் எழுதிக் கொடுப்பது பொய்யாகக் கூடாது என்றால், அதை மெய்யாக்குவது நம் இரண்டு பேர் வேலை. அவர்களால் முடியாது, அவர்கள் சின்னப் பிள்ளைகள். நாம் நிறுத்தினால் நின்றுவிடும். இது என் கடைசிக் கடிதம்.

ஞானத்திடம் சொல். பெரியம்மா செய்யச் சொன்னாள். மனதில் எதையும் ஒளித்துவைக்காமல் செய்யச் சொன்னாள். பிறந்த நாடு என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பது இந்த வீட்டைத்தான், எனக்குத் தெரியும். அவன் என்னை விட வேண்டியதில்லை, நான் அவனை விட்டுத் தருகிறேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறவன் கையில் மருந்துதான் இருக்கும், ஆயுதம் இருக்காது. அந்தத் தேவை வராமல் பார்த்துக்கொள்ள மாதா இருக்கிறாள். அவன் அழுதால் அழவிடு. அதட்டாதே, அதட்டினால் சாப்பிட மாட்டான்.

பெற்றவளைவிட்டு என்னைக் கேட்டான் என்று எழுதியிருந்தாய். இனிமேல் உன்னைத்தான் கேட்பான். கேட்கும்போது சரியாகச் சொல்.

இதற்குப் பதில் எழுதாதே. உன் கையெழுத்தைப் பார்த்தால் என்னால் பிரிக்காமல் இருக்க முடியாது. யாராவது செத்தால்கூட எழுதாதே. உயிரோடு இருப்பதாகவே நான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

தனிஸ் உள்ளே வந்து மேசையில் அந்தத் தாளை விரித்து வைத்துவிட்டுப் பேனா கேட்கிறான். பேனா என் கையில் இருக்கிறது. இதை ஒட்டி, நானே தபாலாபீசுக்கு நடந்து போய், சாயங்காலத் தபால் எடுப்பதற்குள் பெட்டியில் போட்டுவிட்டு வருவேன். அதற்குப் பிறகுதான் அவனுக்குப் பேனாவைக் கொடுப்பேன்.

உன் அக்கா